நான்கு அங்குலம்

இரண்டே மாதத்தில் பாவாத்தாள் அக்காவின் மார்பளவு நான்கு அங்குலம் குறைந்திருந்தது. தையல் கடை சுகந்தி டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே அளவுதான்.

“மெலிந்ததைப் பாராட்டுங்கள். புது ரவிக்கை மூன்று தைக்கச் சொல்லுங்கள்” என்றது, அந்தத் தெருவில் கடை வைத்திருந்த பெண்கள் எல்லோர் காதிலும் செருகியிருந்த ஏ.ஐ. விற்பனை ஆலோசகர்.

சுகந்திக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. “டாக்டரைப் பாத்தீங்களாக்கா? எனக்குப் பயமா இருக்குதுங்க.”

அக்கா சிரித்தாள். “காதுல இருக்கறது அக்கறையாப் பேசச் சொல்லுச்சாக்கும்?”

சுகந்தி காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “சத்தியமா நானேதான் கேக்கறனுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரி போலாம், நானும் வர்றேன்.”

“பூக்கடைக்காரியும் நேத்து இப்படித்தான் கழட்டி வச்சுட்டுப் பேசுனா கண்ணு. ரெண்டு முழம் சேத்து வாங்குனேன். சரி, உனக்கு எத்தனை ரவிக்கை தைக்கக் குடுக்கோணும்னு சொல்லு.”