லத்தி அளவு

லத்தி வந்து மேசையில் விழுந்த சத்தத்தில் முகம்மது இஸ்மாயிலின் தையல் மிஷின் நின்றுபோனது.

நிமிர்ந்து பார்த்தால், ஏட்டு தளவாய். சிவப்புத் தலைப்பாகையிலிருந்து குற்றாலத்துச் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. கக்கத்தில் ஒரு துணிச் சுருள்.

"பாய், சின்னப் பையனுக்கு ஒரு சட்டை தைக்கணும். முன்பக்கம் திறந்து, பொத்தான் வச்சு."

சுருளைப் பிரித்ததும் இஸ்மாயிலுக்குத் திக்கென்றது. கதர். அது யார் வீட்டுக் கதர் என்று தென்காசிக் கடைத்தெருவுக்கே தெரியும். போன வாரம் கள்ளுக்கடை மறியலில் இலஞ்சி பால்வண்ணநாதனைக் கைது செய்தபோது அவர் கையிலிருந்து விழுந்த துணி. அதைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு போனது இதே தளவாய்தான்.

ஆளையும் பிடித்து, துணியையும் சுருட்டிவிட்டான் படுபாவி. இப்போது அதிலேயே மகனுக்குச் சட்டை வேறு.

"என்ன பொத்தான் வைக்கட்டும் ஏட்டையா? சிப்பியா, பித்தளையா?"

தளவாய் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"துணி சுத்தின பொத்தான். மேல காவி, நடுவுல வெள்ளை, கீழ பச்சை."

கொடியின் நிறம். இஸ்மாயிலின் கை கத்தரியைத் தொட்டபடியே நின்றது. நம்மை மாட்டிவிடப் பார்க்கிறானோ?

"ஏட்டையா, நான் பிள்ளைகுட்டிக்காரன். இந்த வம்புல என்னைய இழுத்து விட்டுராதீங்க. நாளைக்கு நீங்களே வந்து மிஷினைத் தூக்கிட்டுப் போனா நான் எங்க போவேன்?"

"பொத்தானுக்கெல்லாம் கேசு கிடையாது வே. சும்மா தையும்."

"அளவுச் சட்டை கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்ல." லத்தியை இஸ்மாயில் பக்கமாக உருட்டிவிட்டார். மூங்கிலில் ஆணியால் கீறிய கோடுகள் தெரிந்தன. "இந்தக் கோட்டுல இருந்து இந்தக் கோடு வரைக்கும் நீளம். இங்கன இருக்கது தோள் அகலம். மத்ததை உம்ம கணக்குல வச்சுக்கிடும்."

இஸ்மாயில் டேப்பை வைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. ஏட்டு மகன் சுந்தரபாண்டிக்குப் போன தீபாவளிக்கு நிக்கர் தைத்தவர் அவர்தான். நல்ல வாட்டசாட்டமான பயல். இந்தச் சட்டை அவனுக்கு ஒரு கைக்குக்கூடப் பத்தாது.

பெற்ற பிள்ளையின் அளவு தெரியாத மனுஷன். சொல்லியிருக்கலாம். இஸ்மாயில் சொல்லவில்லை.

ஏட்டு தலை மறைந்ததும் பக்கத்து வெற்றிலைக் கடை நம்பிராஜன் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், களவாண்ட துணியில மகனுக்குக் கொடிச் சட்டையாக்கும்? நீரும் தைச்சுக் குடுக்கப் போறீராக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. லத்தியில கீறியிருக்க அளவுக்கு இம்மி பிசகாம தைக்கப் போறேன். அந்தத் தடியன் கையை நுழைச்சதும் முதுகுல கிழியுதா இல்லையா பாரும்."

"பொத்தானு?"

"ஒத்தை நூல்ல தொங்க விடுதேன். முதல் தரம் போடும்போதே தெறிச்சு ஓடும்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இஸ்மாயிலுக்கு ஒரே உற்சாகம். ஜெயிலுக்குப் போகாமலே நாட்டுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தளவாய் வந்தார். சட்டையை மேசையில் விரித்து, பக்கத்தில் லத்தியை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கச்சிதமா இருக்கு பாய்."

இஸ்மாயிலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சுந்தரபாண்டிக்கு இது பத்துமா ஏட்டையா?"

"அவனுக்குன்னு நான் எப்பம் சொன்னேன்?"

தளவாய் குரலைத் தாழ்த்தினார்.

"இது பால்வண்ணநாதன் மகனுக்கு வே. வண்டியில ஏத்தும்போது அந்த மனுசன் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. 'பய கொடி கலர்ல பொத்தான் வச்ச சட்டை கேட்டான், துணி தெருவுல கெடக்கு ஏட்டையா'ன்னாரு. நாளைக்கு ஆத்தாளும் மகனும் அவரைப் பார்க்க ஜெயிலுக்குப் போறாங்க. போட்டுக்கிட்டுப் போகட்டும்."

இஸ்மாயிலின் பார்வை மூன்று பொத்தான்கள் மேலும் போனது.

"இலஞ்சிக்கு நீரே கொண்டு போய்க் குடுத்துரும். நீரே தைச்சுக் குடுத்ததா இருக்கட்டும். நான் குடுத்தா அந்த அம்மா கையால தொடாது. வெளிய தெரிஞ்சா என் வேலையும் போயிரும்."

"அப்பம் இந்த லத்தியில அளவு..."

"அவங்க வீட்டைச் சோதனை போடப் போனேன்லா. என்னையக் கண்டதும் பய சுவரோட சுவரா ஒட்டி நின்னுட்டான், அடிக்கப் போறேன்னு. மூச்சுக்கூட விடல. அப்படியே லத்தியைக் குறுக்கயும் நெடுக்கயும் வச்சு அளந்துக்கிட்டு வந்தேன்."

தளவாய் சட்டையை மடித்து நீட்டினார். இஸ்மாயில் வாங்கித் திரும்பவும் விரித்தார். கத்தரியை எடுத்து, காவிப் பொத்தானின் நூலை வெட்டினார். அப்புறம் வெள்ளை. அப்புறம் பச்சை.

"என்னவே செய்யுதீரு? நல்லாத்தானே இருக்கு?"

ஊசியில் நூலை இரட்டையாகக் கோக்கப் பார்த்தார் இஸ்மாயில். கண்ணை நீர் மறைத்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"இது உங்க மகனுக்குன்னு தைச்ச தையல் ஏட்டையா."