ஹபீப் பாய் விட்டுக்கொடுத்த நாள்

"நீங்க சொல்லுததுதான் சரி, அண்ணாச்சி."

ஹபீப் பாய் இப்படிச் சொன்னதும் சிவசுப்பிரமணியன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் வாதம் நடக்கிறது. ஒருநாள்கூட பாய் இப்படிச் சொன்னதில்லை.

ஆக்னஸ் டீக்கடையில் 'அரசியல், மதம் பேசக்கூடாது' என்று போர்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அதையே பேச இவர்கள் இருவருக்கு மட்டும் அனுமதி. காரணம், இவர்கள் வைத்திருந்த ஒரு விதி. எதிராளி சொன்னதை, அவரே 'ஆமாம், இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அதிலேயே பாதிக் கோபம் வடிந்துவிடும். சிவசுப்பிரமணியன் சாமி இல்லை என்கிறவர். பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர். கட்சியும் எதிரெதிர்.

இன்றைக்கு எல்லாமே தலைகீழ். தேர்தல் கூட்டணியைப் பற்றி வேண்டுமென்றே அபத்தமாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார் சிவசுப்பிரமணியன். அதற்கும் பாய் தலையாட்டினார். ஒரு வடைக்கு மேல் கேட்டால் 'உங்க வயித்துக்கு ஆகாது' என்று முறைக்கிற ஆக்னஸ், கேட்காமலே இரண்டாவது வடையை வைத்துவிட்டுப் போனாள். வயிற்றை ஸ்கேன் எடுத்ததில் வெறும் வாய்வுதான் என்று தன் மகள் சண்முகசுந்தரி சொல்லியிருந்ததால் அவரும் தைரியமாகத் தின்றார்.

ஆனால் வடை ருசிக்கவில்லை. நேற்றைய பேச்சில் பாயைப் புண்படுத்திவிட்டோமோ? இந்தச் சினேகிதமும் போய்விட்டால் மனம்விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது.

"பாய், செத்தா மண்ணுதான், அதுக்குமேல ஒண்ணும் கெடையாதுன்னு நேத்து சொன்னேன். அதுல வருத்தமா? அதுக்காவது மறுத்துப் பேசும்."

"மறுக்க என்ன இருக்கு? அந்த ஒண்ணுல மட்டும் நான் சொல்லுததுதான் நெசமா இருக்கணும்னு அல்லாகிட்ட துஆ கேக்கேன்." எழுந்த பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருசத்துல மனசு நோக எதும் பேசியிருந்தா மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

ஒன்றும் புரியாமல் பஜார் வரை நடந்த பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. உம்ரா! மக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். சண்டை சச்சரவும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கா இத்தனை கலக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அரைக் கிலோ முந்திரி மக்ரூன் வாங்கி, நேரே பாய் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது பாயின் மனைவி ருகையா. பாய் உம்ரா போவதைத் தன்னிடமே மறைத்துவிட்டாரே என்று செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டே சிவசுப்பிரமணியன் பொட்டலத்தை நீட்டினார்.

"அவுக எங்கயும் போகலியே, அண்ணாச்சி," என்றார் ருகையா குழப்பத்தோடு. "நேத்து உங்க மக போன் பண்ணுனதுல இருந்து சோறு தண்ணி இல்லாம தொழுகைப் பாயிலதான் அழுதுக்கிட்டுக் கெடக்காக."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெறும் வாய்வுக்கு யாரும் இப்படி அழமாட்டார்கள். போகிறவர்தான் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்திருந்த சிவசுப்பிரமணியனுக்கு, போகிறவரிடமும் கேட்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.