பேகம் வீட்டு வேலி

"வேலி கட்றதுக்கு நாளுக்கு எட்டணாவா? நீ இன்னா, கோட்டைச் சுவரா எழுப்பப் போற?"

"கத்தாதீங்க சாயபு. உங்க ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில இறங்குறவனுக்கு இன்னா குடுக்கிறீங்க? எட்டணா. ஊர்க் கூலியை ஏத்தி வுட்டது நீங்க. எனக்கு மட்டும் கம்மியா?"

அப்துல் சமத் சாயபுவும் வேலி கட்டும் ராமலிங்கமும் போட்ட சத்தம் ராணிப்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக் காசிநாதனுக்குக் கேட்டது மட்டும் போதவில்லை. பல்குச்சியும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டார்.

ஜெர்மனியோடு சண்டை நடந்த காலம். சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் கேட்டுச் சீமையிலிருந்து ஆர்டர் குவிந்தது. தோல் இருந்தது, பதனிட ஆள் இல்லை. சாயபுவின் தோல் ஷாப்பில் பாதித் தொட்டிகள் காலி. பொங்கலுக்குள் சரக்கு மதராசுக்குப் போகாவிட்டால் ஷாப்பையே விற்க வேண்டியதுதான். வாங்கிக்கொள்ள எதிர் ஷாப்பு முதலாளி தயாராக இருந்தார். அவரிடம் கணக்கு எழுதும் காசிநாதனுக்கு, ஷாப்பு கைமாறினால் மானேஜர் பதவி என்று பேச்சு. நாற்காலியில் போட்டு உட்கார ஒரு மெத்தைகூட அவர் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

தொழில் இப்படி ஆட்டம் கண்டிருந்த நேரத்தில்தான் சாயபுவின் மனைவி முனவ்வர் பேகம், புழக்கடைக்கு வேலி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"எட்டணாவும் வேணாம், இந்த ஆளும் வேணாம்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து பேகத்தின் குரல். "வெளியூர்லேர்ந்து ஆள் கொண்டாங்க. கோஷாப் பொம்பளை இன்னா, தெருவைப் பார்த்துக்கினு துணி உலத்தணுமா?"

"வெளியூர்லேர்ந்து எவன் அனுப்புவான்?" என்றார் சாயபு. " கலவைப் பக்கம் நம்ம தலையைப் பார்த்தாலே, ஷாப்புக்கு ஆள் இழுக்க வந்துட்டான்னு பண்ணைக்காரங்க நாயை அவுத்து வுடறாங்க."

காசிநாதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சாயபு காசை வேலியில் கரைத்தால் தமக்கு நாற்காலி சீக்கிரம் வரும்.

"சாயபு, கலவையில என் மச்சான் கோதண்டபாணி பெரிய பண்ணை. அறுப்பு வரைக்கும் ஆளுங்க சும்மாதான் கெடக்கிறாங்க. ரெண்டணாவுக்கு வருவாங்க. வேலி வேலை மட்டும்தான்னு நான் வாக்கு குடுத்தா மச்சான் மறுபேச்சு பேசமாட்டாரு."

"உங்களுக்கு எதுக்கு கணக்குப்பிள்ளை இந்தப் பேஜார்?"

"பக்கத்து வீட்டுக்கு இதுகூட செய்யலைன்னா எப்படி?"

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். மூங்கில் நட்டு, ஓலைப் படல் கட்டி, ஒரு பக்கம் முடிந்தது. பேகத்தின் குரல் எழும்பியது.

"இது படலா, சல்லடையா? பிரிச்சுப் போடச் சொல்லுங்க. இவங்க போகட்டும், வேற ஆள் கொண்டாங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். காசிநாதன் சந்தோஷமாக மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்து வந்தவர்கள் கட்டியது கோணலாம். பிரித்தாயிற்று. மச்சான் சொல்லிப் பக்கத்து ஊர் திமிரியின் பண்ணைகளிலிருந்தும் ஆள் வந்தது. அவர்கள் கட்டியது உயரம் பற்றாதாம்.

"ஒட்டகத்து மேல ஒருத்தன் போனா உள்ள எல்லாம் தெரியும்."

"ராணிப்பேட்டையில ஒட்டகம் ஏது?" என்றார் சாயபு.

"வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

அதுவும் பிரிந்தது. இந்த ஒட்டகக் கதையைக் காசிநாதன் தம் ஷாப்பில் நடித்தே காட்டினார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காசிநாதனின் மனைவி பூவம்மாளுக்குத்தான் ஒன்று உறுத்தியது. "நான் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்தேன். அந்தம்மா வெத்தலை போட்டுக்கினு குஷியா இருக்குது. தொழில் கெட்டா இப்படியா இருப்பாங்க?"

"தொழில் இன்னான்னு தெரிஞ்சாத்தானே கவலைப்பட?" என்று முடித்துவிட்டார் அவர்.

மார்கழிக் கடைசியில் அதே ராமலிங்கம் வந்து, அதே எட்டணாவுக்கு, இரண்டு பக்கம் சேர்த்து வேலியைக் கட்டி முடித்தான். பேகம் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. காசிநாதன் வாயைத் திறந்து ஏதோ கேட்கப் போனபோதுதான், சாயபுவின் ஷாப்பிலிருந்து தோல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக ரயிலடிக்குப் போவதைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷாப்புக்கு ஓடினார். ஒரு தொட்டிகூடக் காலி இல்லை. எல்லாவற்றிலும் ஆள்.

முழங்கால்வரை சுண்ணாம்போடு நின்ற ஒருவன் அவரைப் பார்த்துக் கும்பிட்டான். "நல்லா இருக்கீங்களா சாமி? நாங்க கலவை, அவங்க திமிரி. பேகம்மா ஒவ்வொரு தடவையும் எங்களை வேலியிலேர்ந்து நேரா இங்கதான் அனுப்பிச்சாங்க. பண்ணையில ரெண்டணா, இங்க எட்டணா. இனிமே யாரு திரும்பிப் போவா?"

காசிநாதனின் தோளில் ஒரு கை விழுந்தது. சமத் சாயபு.

"எல்லாம் அவங்க யோசனை, கணக்குப்பிள்ளை. அன்னிக்கு ராமலிங்கத்தோட சண்டை போடறப்பகூட, 'காசிநாதன் வாசலுக்கு வர்ற வரைக்கும் சத்தத்தைக் கொறைக்காதீங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க."

அந்தத் தையில் தொட்டிக்காரர்களில் நாலு பேருக்கு ராணிப்பேட்டையிலேயே கல்யாணம் ஆயிற்று. அறுப்புக்கு ஆளைத் தேடி மச்சான் வண்டி பூட்டுவதற்குள் காசிநாதன் குடும்பத்தோடு திருப்பத்தூருக்குக் குடிபோய்விட்டார்.