இரண்டாம் மாடிக் காடு

இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இரவு முழுக்கப் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனுக்குள் நொண்டிக்கொண்டு போனேன். தொண்ணூற்றிரண்டு, மார்ச் மாதம். கையில் பதினாறு பக்கக் கதை.

கவுண்டருக்குப் பின்னால் மறி நின்றான்.

மறி என்றால் பெட்டை ஆடு. ஊரில் எங்கள் கம்பஸ் விடுதியின் இரண்டாம் மாடிக்குப் புதிதாக வருகிறவனுக்கு, முதல் நாளே சீனியர் ஒருவர் ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடுவார். அதன் பிறகு யார், எங்கே வைத்துக் கூப்பிட்டாலும் அந்த மிருகத்தின் குரலில்தான் பதில் சொல்லவேண்டும்.

"மறி!" என்றேன்.

"ம்மே" என்றான், யோசிக்காமல்.

பம்புகளுக்கான மைக்கை அவன் நிறுத்தியிருக்கவில்லை. வெளியே வான் வண்டிக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரன், திடுக்கிட்டுத் தன் வானுக்குள்ளேயே எட்டிப் பார்த்தான்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பன்னிரண்டு வருடம் கழித்துச் சந்திக்கிறவர்கள் வேறு எப்படித் தொடங்குவது?

விஷயத்தைச் சொன்னேன். விடுதி வாழ்க்கையை மிருகக் கதையாக எழுதியிருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் பத்திரிகை நடத்தும் பத்மநாதனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கதையில் வருகிற ஒவ்வொருவனும் ஓம் என்று சொன்னால்தான் போடுவாராம். போன வருடம் யாரோ எழுதிய ஒரு கதைக்காக, கலியாண வீடொன்றில் அவருடைய சேர்ட்டைக் கிழித்துவிட்டார்கள்.

மற்ற எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இவன் ஒருவன். இவன் மாட்டேன் என்றால், எட்டு மாதம் டீ பிரேக்கில் இருந்து எழுதியது குப்பைக்கு.

"யானை இராஜேந்திரன் அண்ணையோ?" முதல் பக்கத்திலேயே பிடித்துவிட்டான்.

"ஓம். தந்தம் ரெண்டும் முழுசா இருக்கவேணுமாம். இல்லாட்டி விடமாட்டாராம்."

"முன்பல்லு இல்லாத மனுசனுக்குத் தந்தம் கேக்குது!"

"பீற்றர் நரி. புலியா மாத்தச் சொல்லி மூண்டு தரம் போன் அடிச்சிட்டான்."

"விடாதேங்கோ. அவன் நரிதான். நான் கட்டுற சாரத்தைக் களவெடுத்துத் தன்ரை யன்னலுக்குத் திரை போட்டவன்."

வாசித்தான். நடுவில் சிகரெட் விற்றான், மிச்சக்காசு கொடுத்தான், நாலாம் பம்பைத் திறந்துவிட்டான், திரும்பவும் வாசித்தான். மெஸ் குழம்பில் பருப்பைத் தேடி எலிகள் நீச்சலடிக்கும் இடத்தில் மேசையில் தட்டிச் சிரித்தான். எனக்கு இடுப்பு மறந்துபோயிற்று.

"நீங்கள் இதில ஆர் அண்ணை?"

"காகம். பலாமரத்தில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கும்."

"அப்ப கரடி?"

"அது ஒருத்தருமில்லை. கதைக்கு ஒரு கரடி வேணும்தானே."

கரடி வேடிக்கையான ஆள். பகலெல்லாம் குறட்டை விடும். பொழுதுபட்டதும் புதிதாக வந்த மிருகங்களை வரிசையில் நிறுத்தி ஆடவைக்கும். மறியை மேசையில் ஏற்றி, ஏழாம் வாய்ப்பாட்டை ஆட்டுக் குரலில் சொல்லவைக்கும். பிழைத்தால் முதலிலிருந்து. கதையில் மறியும் சேர்ந்து சிரிக்கும்படி எழுதியிருந்தேன். பத்மநாதனின் மனைவி செல்வமலர் அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தாராம்.

அந்தப் பக்கத்தில் இவன் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தை முடித்த பிறகுதான் நிமிர்ந்தான். அவர்களிடம் இங்கிலீசில் 'சொறி' என்றான்.

கடைசிப் பக்கத்தில் காட்டில் விருந்து. அது எங்கள் விடுதியின் வழக்கம். மூன்றாம் மாதம் முடிகிற அன்று, பெயர் வைத்த சீனியரே புதியவன் முன்னால் போய் நின்று, அவனுடைய முழுப்பெயரை எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, சோற்றுக் கோப்பையை அவன் கையில் கொடுக்கவேண்டும். அந்த நிமிடத்தோடு மிருகம் போய்விடும். பிறகு எல்லாரும் மச்சான்தான்.

"விருந்து உப்பிடித்தான் நடந்ததோ அண்ணை? நான் பதினோராம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டன், தெரியாது."

சிரித்த முகத்தோடுதான் கேட்டான். எஞ்சினியரிங் படிக்க வந்தவன். பிறகு கம்பஸ் பக்கமே வரவில்லை.

தாள்களைத் தட்டி நேராக்கி என் பக்கம் தள்ளினான்.

"போடச் சொல்லுங்கோ. நல்லாய் இருக்கு. ஒண்டுதான் குறை. கரடிக்கு மூக்குக்கண்ணாடி போட மறந்திட்டியள்."

என் விரல் தானாகவே போய், மூக்கில் சரிந்திருந்ததை மேலே தள்ளிவிட்டது.

என் அப்பர் சுண்ணாம்புச் சூளையில் கல் சுமந்தவர். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரையும் ஏவியதில்லை; ஏவுகிறவர்கள் வெளியில் இருந்தார்கள். என் சொல்லுக்கு ஒருவன் மேசையில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். நன்றாகத்தான் இருந்தது. பத்து இரவும் நன்றாக இருந்தது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். பின்னால் நின்றவர்கள் மூன்று பேராகியிருந்தார்கள்.

"வாறன்" என்றேன்.

"ஓம் அண்ணை, வாங்கோ" என்று அடுத்தவனிடம் காசை வாங்கினான்.

அவனுடைய பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. அதை நான் இன்னும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.