மொட்டை வண்டி மாப்பிள்ளை

செல்லக்கிளி கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு வண்டிக்குச் சந்தனம் வைத்தாள். ஸ்டியரிங்கில் ஒன்று, நாலு சக்கரத்திலும் ஒவ்வொன்று, பெட்ரோல் மூடியில் மட்டும் தாராளமாக ஒரு அப்பு. வெட்கத்தில் அளவு தெரியவில்லை என்று கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

பெண் கேட்டு வந்த தவசிக்குச் சிலமலை சொந்த ஊர், போடியில் லேத்துப் பட்டறை. பழைய ஸ்கூட்டர் என்ஜினை வைத்துத் தானே கட்டிய கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் ஜம்மென்று வந்திருந்தான். கூரையில்லாத அதை ஊரே மொட்டை வண்டி என்றுதான் சொல்லும்.

பெண்ணின் அப்பா வெள்ளைத்துரை ஏலக்காய் வியாபாரி. மலை ரோட்டில் ஜீப்பு நின்று நின்று நொந்துபோன மனிதர். ஜாதகத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டார்.

"மாப்ளே, நம்ம ஏலக்கா மூட்டை அடுக்குற கிட்டங்கிய நிக்காம மூணு சுத்துச் சுத்துங்க. சுத்திட்டா இன்னைக்கே பூ வச்சிருவோம். நின்னுச்சுன்னா காப்பியக் குடிச்சிட்டு வெரசாக் கெளம்பிருங்க."

"சிலமலையில இருந்து பஸ்ச முந்திக்கிட்டு வந்த வண்டிங்க இது. இதுவா நிக்கும்?"

முதல் சுத்தில் பாதியிலேயே நின்றது.

வெள்ளைத்துரைக்கே பாவமாகிவிட்டது. ஜீப்பு டிரைவர் ஜக்கையனைப் பார்த்தார். தங்கமான பையன், சொல்லுமுன்னே ஓடினான்.

"பிளக்குல கரிண்ணே" என்று கழற்றித் துடைத்தான்.

தவசி பெட்ரோல் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்றது. உள்ளே பெட்ரோல் நிறைய இருந்தது. ஜக்கையன் மூடியை வாங்கி இறுக்கித் திருகினான். உதைத்ததும் வண்டி கிளம்பியது, அடுத்த மூலையில் நின்றது.

"கார்பரேட்டர்ல தூசிண்ணே." ஊதினார்கள். "செயினு லூசுண்ணே." இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தவசி மூடியைத் திறந்து பார்ப்பான், ஜக்கையன் பத்திரமாக மூடுவான், வண்டி கிளம்பும், கொஞ்ச தூரத்தில் நிற்கும். தவசிக்குக் கையெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். ஐயோ பாவம், எத்தனை ஆசையோடு வந்தவன்!

"போதும்யா, விடுங்க" என்றார் வெள்ளைத்துரை. "சொந்த வண்டிக்கு என்ன நோவுன்னே தெரியலை. மாப்ளேன்னா நம்ம ஜக்கையன் கணக்கால்ல இருக்கணும்!"

காப்பியைக்கூடக் குடிக்காமல் தவசி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். செல்லக்கிளி தாவணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"புள்ள மனசு ஒடஞ்சு போச்சே" என்று அவள் அம்மா மூக்கைச் சிந்தினாள்.

கைக்கரியைக் கழுவ ஜக்கையன் கிணற்றடிக்குப் போனான். அங்கே நின்றிருந்த செல்லக்கிளி தாவணியை விலக்கினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காத்து உள்ள போகலைன்னா பெட்ரோல் எறங்காதுன்னு நீங்க சொன்ன மாதிரியே மூடியில இருந்த ஓட்டையச் சந்தனத்தால அடைச்சிட்டேன்ல, மாமா!"