பர்மா வாங்கிய விமானம்

"பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்த அந்தச் சின்னப் போர் விமானத்தை உலகத்தில் ஒரு நாடும் வாங்காது. இது என் தீர்ப்பு" என்று ஏரோநாட்டிக்கல் மாணவன் டிஜோ அறிவித்தான்.

அம்மா குளோரி செல்போனில் மூத்த மகன் ஆன்ட்ரூஸிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணங்கிட்ட சொல்லும்மா. புது ரேடார் வச்சா வெளிநாட்டுக்காரன் வாங்குவான்னு சண்டை போட்டாம்லா? யாரு வாங்குனா?"

"நீயே சொல்லு மக்கா."

"எனக்கென்ன கிறுக்கா? நீதான் தினமும் பேசுதே. அவன் ஒரு வார்த்தை மறுமொழி சொல்லுதானா?"

"எம்பிள்ள கேப்பாம்லே."

"கேப்பான், கேப்பான்" என்று டிஜோ சிரித்தான்.

மறுவாரம், பர்மா அந்த விமானத்தை வாங்கியதாகச் செய்தி வந்தது. அம்மா பூசைக்குப் போனதும் டிஜோ அவளுடைய போனை எடுத்து அண்ணனை அழைத்தான்.

"நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்றது ஒரு பெண்குரல். இரண்டு வருடமாக அம்மாவிடமும் அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி ஏற்ற ஒரு குழிகூட மிச்சம் வைக்காமல் கடல் அண்ணனைக் கொண்டுபோயிருந்தது.

டிஜோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணா, நீதாண்ணே ஜெயிச்ச. பர்மாக்காரன் வாங்கிட்டான்."

இணைப்பு அறுந்த பிறகும் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.