சிமெண்டு தின்ற விரல்

“மை போடு சார், நல்லா அமுக்கிப் பாரு! எம் புருஷன் விரல்ல ஒரு கோடு வந்துச்சின்னாகூட நான் என் பேரை மாத்திக்கிறேன்!”

ராஜாத்தி போட்ட சத்தத்தில் திருவொற்றியூரின் அந்தத் தெருவே சண்முகவேல் அண்ணாச்சியின் செல்போன் கடை முன்னால் கூடிவிட்டது.

முந்தின நாள் பகல் பதினோரு மணி. அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று புதுப் போன்கள் காணாமல் போயிருந்தன. கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம் ஒரே ஒரு விரல் தடம். சந்தேகம் விழுந்தது ராஜாத்தியின் கணவன் ஜெயவேல் மேல்.

“கடைக்குப் பின்னால சந்துல இவன்தான் உக்காந்திருந்தான். என் கண்ணால பாத்தேன்லா!” என்றார் அண்ணாச்சி.

“மொதல்ல உன் மூக்குக் கண்ணாடிய மாத்து அண்ணாச்சி! விடியக்காலம் சோறு கட்டிக் குடுத்து அனுப்புறவ நானு. பதினோரு மணிக்கு அது ஹார்பர் குடோன்ல சிமெண்டு மூட்டை தூக்கிகினு இருக்கும். பதினஞ்சு வருசமா தூக்குது. சிமெண்டு துன்னு துன்னு விரல் மொழுக்குன்னு கீது. ரேஷன் மிஷின்ல கட்டை விரல வெச்சா எடுக்கவே எடுக்காது. ரேகையே இல்லாத கை எப்பிடி சார் தடம் வைக்கும்?”

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். “அக்கா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்!”

எஸ்.ஐ. லோகநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, கைரேகைப் பிரிவிலிருந்து வந்திருந்த மகிழினியைப் பார்த்தார். மகிழினி மைத் தட்டைத் திறந்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பிய ஜெயவேலை வழியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு கையில் சோத்து டப்பா. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

“இங்க வேணாம் சார். ஸ்டேஷனுக்கு வந்து குடுக்கிறேன்.”

“பாத்தியளா, கைய மறைக்கான்!” அண்ணாச்சி துள்ளினார்.

“இன்னா மாமா பயப்படுற? நீட்டு!” ராஜாத்தியே அவன் கையை இழுத்துக் கொடுத்தாள்.

மகிழினி ஒவ்வொரு விரலாக மையில் உருட்டித் தாளில் பதித்தாள். தெரு மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

பத்துத் தடமும் விழுந்தன. பளிச்சென்று, கோடு கோடாக.

ராஜாத்தி தாளைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“புதுப் பேரு என்ன வைக்கப் போற தாயி?” என்றார் அண்ணாச்சி.

பொடி தூவி டேப்பில் ஒட்டி எடுத்த கடைத் தடத்தையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸில் மாறி மாறிப் பார்த்தாள் மகிழினி. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு நிமிர்ந்தாள்.

“கண்ணாடியில இருக்கிறது வளையம் சார். கோடு ஒரு பக்கமா நுழைஞ்சு, வளைஞ்சு, அதே பக்கமா வெளிய வருது. இவருக்குப் பத்து விரல்லயும் சுழி, வட்டம் வட்டமா. திருடினது இவரில்ல.”

தெரு ஆரவாரம் செய்தது. அண்ணாச்சி கடைக்குள் நழுவினார். ராஜாத்தி புருஷனின் மைக்கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினாள்.

“பத்தும் சுழியாம்! ராஜா கைய்யா எம் மாமன் கை! மேடம், மிஷினுக்கே சிக்காத ரேகைய எப்பிடிப் புட்ச்ச? அந்த மைய நம்ம ரேஷன் கடைக்கும் கொஞ்சம் குடு!”

மகிழினி சிரித்தாள். “மையில ஒண்ணும் இல்லம்மா. சிமெண்டு அரிக்கிறது மேல்தோலைத்தான். ரெண்டு மாசம் மூட்டையைத் தொடாம இருந்தா, பழைய ரேகை அப்படியே வளந்துடும்.”

ராஜாத்தியின் கை மெல்லக் கீழே இறங்கியது. காலையில் தான் கட்டிக் கொடுத்த டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“அப்ப நேத்து பதினோரு மணிக்கு அண்ணாச்சி பாத்தது... உன்னயத்தானா மாமா?”